ஆய்வுகூடமா, டீன் அறையா, வீசி கதிரையா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பௌதிகவியல் பேராசிரியர் ஐம்பதைத் தாண்டிவிட்டால், அவருடைய மிச்ச வருடங்களை ஊரே திட்டமிடத் தொடங்கிவிடும். "சேர் இந்த முறை டீனுக்கு நிக்கிறாராம்." "இல்லையாம், நேர வீசிக்குத்தான் போடுறாராம்." கலியாண வீட்டில், தேர்த்திருவிழாவில், செத்தவீட்டுப் பந்தலில்கூட இந்தக் கதை ஓடும். சேரோ அந்த நேரத்தில் மூச்சு விட்டுவிட்டு ஓடும் வெற்றிடப் பம்பி ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார்.

ஊர்க்கதையை விடுவோம். அவருக்கு முன்னால் உள்ள வழிகள் இவ்வளவுதான்: பேராசிரியராகவே இருந்து ஆய்வையும் கற்பித்தலையும் பார்க்கலாம். துறைத்தலைவராகலாம். ஊரார் டீன் என்று சொல்லும் பீடாதிபதித் தேர்தலுக்கு நிற்கலாம். வீசி என்று சொல்லும் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாம் வேண்டாம் என்று பெட்டி கட்டலாம்.

நான் பௌதிகவியல் படித்தவன் இல்லை. அரச பல்கலைக்கழக நிர்வாகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவன். ஆய்வுகூடத்திலிருந்து நிர்வாகத்துக்கு வந்து கொடிகட்டிப் பறந்தவர்களையும் கண்டிருக்கிறேன், ஆறு மாதத்தில் முகம் கறுத்துப் போனவர்களையும் கண்டிருக்கிறேன். என் கணிப்பை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்துக்கு வருவோம். ஆய்வு உயிரோடு இருக்கும் ஒருவருக்கு ஏற்ற பதவி துறைத்தலைவர். ஆய்வை மனதார முடித்துவிட்டவருக்கு, நெஞ்சுரமும் இருந்தால், துணைவேந்தர். நடுவில் இருக்கும் பீடாதிபதி பதவியை, அதற்கு மேலே போகும் எண்ணம் இல்லாதவர் தொடவே வேண்டாம். இந்தக் கடைசி வரிக்கு என்னோடு சண்டைக்கு வருபவர்கள் பலர். வரட்டும்.

முதலில் வயதுக் கணக்கு. விரிவுரையாளர்களின் ஓய்வு வயது 65. துறைத்தலைவர், பீடாதிபதி, துணைவேந்தர் ஆகிய மூன்றுக்கும் ஒரு தவணை 3 ஆண்டு. துணைவேந்தருக்கு மட்டும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது: 3 ஆண்டு முடிவதும் 65 வயது நிறைவதும், எது முந்துகிறதோ அதோடு பதவி முடியும். 63இல் கதிரையில் ஏறுபவருக்கு முதல் வருடம் ஆட்களை அறியவும் இரண்டாம் வருடம் விடைபெறவும் சரியாகிவிடும். ஆய்வுப் பக்கத்திலும் இதே போல ஒரு கணக்கு இருக்கிறது. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மாணவர் ஒருவர் முடிக்க எங்கள் பக்கத்தில் நாலைந்து வருடம் பிடிக்கும். ஆகவே 60 வயதில் புது மாணவர் ஒருவரை எடுக்கும் பேராசிரியர் தன் கடைசி மாணவரை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் முடிவெடுப்பவர்கள்தான் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பேராசிரியராகவே இருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையை இன்று வெளியுலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் சூரியக்கலன் ஆய்வால்தான். அந்தத் தெரிவில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. சிலிக்கன் தொழிற்சாலை அமைக்க எங்களிடம் பணமில்லை. ஆனால் சாயம் ஏற்றிய கலன்கள், கரைசலாகப் பூசி எடுக்கும் மென்படலக் கலன்கள் போன்றவற்றை ஓரளவு செலவோடு ஒரு சாதாரண ஆய்வுகூடத்தில் செய்யலாம். வெயிலுக்குப் பஞ்சமில்லை. நோர்வேயோடு கூட்டு ஆய்வு, மாணவர் பரிமாற்றம் என்று அது வளர்ந்திருக்கிறது. இப்படியான குழு ஒன்று எதில் தங்கியிருக்கிறது என்று கேட்டால், உபகரணத்தைவிட ஓர் ஆளின் மின்னஞ்சலில் தங்கியிருக்கிறது என்பேன். வெளிநாட்டுக் கூட்டாளி எழுதும் கடிதத்துக்கு இரண்டு நாளில் பதில் போனால் அடுத்த திட்டத்தில் யாழ்ப்பாணத்தின் பெயர் இருக்கும். இரண்டு மாதத்தில் போனால் இராது. நிர்வாகத்துக்குப் போனவரின் ஆய்வு முதலில் சாவது இந்த இடத்தில்தான். கட்டுரை குறைவதெல்லாம் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆய்வுகூடத்தை விடாமலே பொதுப்பணி செய்தவர்களும் உண்டு. வானியற்பௌதிகவியலாளர் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை சிக்காகோவில் இருந்துகொண்டு வானியற்பௌதிகத் துறையின் முதன்மையான ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தார். பத்தொன்பது வருடம் பிறருடைய கட்டுரைகளைச் சுமந்துகொண்டே தன் ஆய்வையும் நடத்தினார். எல்லோரும் சந்திரசேகர் ஆக முடியாது, சரி. ஆனால் பொறுப்பு என்றாலே பதவி, பதவி என்றாலே வாகனமும் சாரதியும் என்று எங்கள் ஊரில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பாடத்திட்டத்தைத் திருத்துவது, உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்குச் செய்முறைப் பயிற்சி கொடுப்பது, ஆய்விதழ் நடத்துவது எல்லாம் பொறுப்புத்தான். அதற்குத் தேர்தலும் இல்லை, மாலையும் இல்லை.

இனித் துறைத்தலைவர். இதைப் பலரும் "முறைக்கு வருகுது, மாட்டேன் எண்டு சொல்லேலாது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்பார்கள். நேர அட்டவணை, பரீட்சை வினாத்தாள், தற்காலிக உதவி விரிவுரையாளர் நியமனம், யாருக்கு எந்த அறை என்ற வழக்கு: கேட்கவே சலிப்பூட்டும் வேலைகள்தான். ஆனாலும் பௌதிகவியல் போன்ற ஆய்வுகூடத் துறையில் உண்மையான மாற்றம் நடப்பது இந்த மேசையில்தான். ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். நான் பார்த்த கோப்பு ஒன்று. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம்.

சூரியக்கலனைச் சோதிக்கச் சூரிய ஒளியைப் போன்ற ஒளியைத் தரும் கருவி ஒன்று வேண்டும். சோலார் சிமுலேட்டர் என்பார்கள். சதுர மீற்றருக்கு 1000 வாற்று என்ற நியம அளவில் அது ஒளிர வேண்டும். பழைய வகைக் கருவியில் உள்ள செனன் விளக்கு குறித்த மணித்தியாலங்கள் எரிந்தபின் மங்கிவிடும், மாற்றியே ஆகவேண்டும். ஒரு பேராசிரியர் பெப்ரவரியில் விளக்குக்குக் கோரிக்கை எழுதினார். துறைத்தலைவர் ஒப்பமிட்டார், பீடாதிபதி ஒப்பமிட்டார், கோப்பு வழங்கல் கிளைக்குப் போனது. அந்த வருடத்துக்கான பெறுகைத் திட்டத்தில், அதாவது கொள்முதல் திட்டத்தில், இந்த விளக்கு இல்லை என்று திரும்பி வந்தது. திட்டத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பினார்கள். மூன்று விலைமனு கேட்டார்கள், ஒன்று மட்டும் வந்தது. ஏனென்றால் பேராசிரியர் எழுதிக்கொடுத்த விவரக்கூற்று ஒரேயொரு நிறுவனத்தின் விளக்குக்கு மட்டும் அச்சொட்டாகப் பொருந்தியது. தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு "ஏன் இப்படி?" என்று கேட்டது. "கருவிக்குப் பொருந்துவதைத்தானே கேட்க முடியும், இது விளங்காதா?" என்று அவர் கோபமாக ஒரு பக்கம் எழுதினார். எழுதியது அவ்வளவும் உண்மை. ஆனால் குழுவில் ஒருவர்கூடப் பௌதிகவியல் தெரிந்தவர் இல்லை. திரும்ப விலை கோருவதற்குள் முதல் விலைமனுவின் செல்லுபடிக் காலம் முடிந்தது, ரூபாயும் இறங்கியது. கட்டளை போனது ஒக்டோபரில். சுங்கத்தில் சிக்கியது. டிசம்பர் 31 வந்ததும் திறைசேரிப் பணம் திரும்பிப் போய்விட்டது.

இந்தக் கதையில் யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. இதை நல்ல துறைத்தலைவர் ஒருவர் எப்படிக் கையாள்வார் என்றால், விளக்கின் ஆயுளைக் கணக்கிட்டு முந்தைய வருடமே பெறுகைத் திட்டத்தில் போட்டிருப்பார். விவரக்கூற்றில் எல்லைகளைக் கொடுத்து "அல்லது அதற்குச் சமமானது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார். ஒரே முகவர்தான் இருக்கிறார் என்றால் அதற்குரிய தனி நியாயப்படுத்தலை முதல் நாளே கோப்பில் கட்டியிருப்பார். மதிப்பீட்டுக் குழுவுக்குத் தானே ஒருமுறை போய் இருந்து விளக்கியிருப்பார். இதற்கு வேண்டியது பௌதிகவியலும் கோப்பறிவும் ஒரே தலையில் இருப்பது. பீடாதிபதிக்கு ஏழெட்டுத் துறையின் விளக்குகளை இப்படிப் பார்க்க முடியாது. துணைவேந்தருக்கு விளக்கு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் ஆய்வு உயிரோடு உள்ளவர் துறைத்தலைமையை ஒருமுறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறேன். வாரத்தில் இரண்டு பிற்பகலை ஆய்வுகூடத்துக்கு என்று பூட்டி வைத்தால் ஆய்வும் சாகாது. விரிவுரையும் கையில் இருக்கும்.

முந்தின தலைமுறையில் இந்தப் பிரிவினையே இருக்கவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் பௌதிகவியல் பேராசிரியராகவும் இருந்தார், விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தார். பீடங்கள் சிறியவை, மாணவர் தொகை சிறிது, பேராசிரியர் என்றாலே துறையின் தலைவர்தான். அந்தக் காலத்தை உதாரணம் காட்டி "அவை ரெண்டையும் செய்யேல்லையோ?" என்று கேட்பது இன்று எடுபடாது.

பீடாதிபதி பதவிக்கு வருவோம். பீடச்சபை தேர்ந்தெடுக்கும் பதவி இது. இந்த ஒரு சொல்லில்தான் எல்லா வில்லங்கமும் இருக்கிறது. வாக்குப் போட்டவர்கள் சக விரிவுரையாளர்கள். நாளைக்கு அவர்களில் ஒருவருடைய விடுமுறை விண்ணப்பத்தை மறுக்க வேண்டி வரும், இன்னொருவருடைய பரீட்சைப் புள்ளி தாமதத்துக்கு விளக்கம் கேட்க வேண்டி வரும். மூன்று வருடம் முடிந்து துறைக்குத் திரும்பினால் அவர்கள் பக்கத்தில்தான் இருந்து தேநீர் குடிக்க வேண்டும். பணமும் ஆளணியும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் சபையான பேரவையின் கையில். ஆகவே கேள்வி கேட்க எல்லோருக்கும் உரிமை இருக்கும், பதில் சொல்ல டீனிடம் அதிகாரம் இராது. ஆய்வுக்கு நேரமும் இராது.

போதாததற்கு, பிரச்சினை வந்தால் முதலில் வந்து நிற்க வேண்டியவரும் இவர்தான். 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் புதுமுக மாணவர் வரவேற்பில், கண்டிய நடனத்தைச் சேர்ப்பது தொடர்பாகத் தமிழ், சிங்கள மாணவர்களிடையே மோதல் வெடித்தது. மாணவர்கள் காயப்பட்டார்கள், பல்கலைக்கழகம் தற்காலிகமாக மூடப்பட்டது, நாடே அதைப் பற்றிப் பேசியது. எந்தச் சமன்பாட்டைப் படித்தவருக்கும் அப்படி ஒரு நாளைச் சமாளிக்கப் பயிற்சி கிடையாது. பகிடிவதை முறைப்பாடும் அப்படித்தான். பெற்றோர் அழுதுகொண்டு வருவார்கள், குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளையின் பெற்றோரும் அழுதுகொண்டு வருவார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுத்தில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் பீடாதிபதி பதவிக்குப் பயனே இல்லையா? ஒரு பயன் இருக்கிறது, பெரிய பயன். பீடாதிபதி பதவிவழியாகப் பேரவை உறுப்பினர். பாதீடு எப்படிப் பிரிகிறது, கணக்காய்வு வினாவுக்கு எப்படிப் பதில் எழுதுவது, வெளி உறுப்பினர் ஒருவர் எதற்காகத் திடீரென்று கேள்வி கேட்கிறார் என்பதையெல்லாம் அங்கே இருந்துதான் கற்க முடியும். துணைவேந்தர் கதிரையில் இருந்துகொண்டு அதைக் கற்பது மிகவும் செலவான படிப்பு. ஆகவே மேலே போக நினைப்பவர் இந்த மூன்று வருடத்தைப் பயிலுகைக் காலமாக எண்ணி ஏற்கலாம். மற்றவர்கள் மரியாதைக்காக ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

துணைவேந்தர் பதவி வேறு வகை. இங்கே விண்ணப்பதாரர்களுக்குள் மூவரைப் பேரவை தெரிந்து அனுப்பும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பரிந்துரைக்கும், ஜனாதிபதி நியமிப்பார். பேரவையில் முதலாவதாக வந்தவரையே நியமிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் பேரவையின் அமைப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையின் பிரதிநிதிகள் எல்லாம் உள் ஆட்கள். ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்கள் அவர்கள் அத்தனை பேரையும்விட எண்ணிக்கையில் ஒருவர் அதிகம். துணைவேந்தர் பேரவைக்கும் தலைவர், மூதவைக்கும் தலைவர், பிரதம நிறைவேற்று அலுவலரும் அவரே. ஆனால் தன் ஆட்களை மட்டும் நம்பி ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்ற முடியாது. பௌதிகவியலாளர் ஒருவர் இங்கேதான் முதலில் தடுமாறுவார். தரவைக் காட்டி நிறுவினால் ஏற்கப்படும் என்பது அவர் பழகிய உலகம். பேரவையில் நிறுவுவது பாதி வேலைதான், மீதி கூட்டத்துக்கு முதல் நாள் தொலைபேசியில் நடக்கும்.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் சி. வி. ராமன். நோபல் பரிசு பெற்ற மூன்று வருடத்தில், 1933இல், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தின் முதல் இந்தியப் பணிப்பாளரானார். ஜேர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த பௌதிகவியலாளர் மக்ஸ் போர்னை 1935இல் அழைத்து வந்து, நிரந்தரப் பதவி கொடுக்க முயன்றார். விஞ்ஞானத் தீர்ப்பு என்று பார்த்தால் அதைவிடச் சரியான தீர்ப்பு இல்லை. போர்னுக்கு நோபல் கிடைத்தது பிறகு, 1954இல். ஆனால் நிறுவனத்துக்குள்ளே ராமனுக்கு எதிர்ப்பு வலுத்திருந்தது. போர்ன் போய்விட்டார். 1937இல் ராமன் பணிப்பாளர் பதவியிலிருந்து இறங்கினார். இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. 1948 வரை அங்கேயே பௌதிகவியல் பேராசிரியராக இருந்து ஆய்வு செய்தார். எனக்கு ராமனிடம் அதிகம் பிடித்தது இந்தப் பகுதிதான். எங்கள் ஊரில் துணைவேந்தராக இருந்தவர் திரும்பப் போய் முதலாம் வருட மாணவருக்குப் பொறிமுறை படிப்பித்தால் "பாவம், மனுசனை இறக்கிப்போட்டாங்கள்" என்று பேசுவார்கள். சட்டப்படி வயது இருந்தால் திரும்பலாம், திரும்பியவர்களும் இருக்கிறார்கள். போக முன்னரே அந்த வழியைத் திறந்து வைத்துக்கொண்டு போவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர் பதவிக்கென்று தனியாக ஒரு சுமையும் உண்டு. 1974இல் வளாகம் தொடங்கியபோது தலைவராக இருந்த கைலாசபதி தமிழ்ப் பேராசிரியர். 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக வந்த வித்தியானந்தனும் அப்படியே. அடுத்தவர் துரைராஜா, மண்பொறியியலில் உலகம் அறிந்த பொறியியலாளர். போரால் எரிபொருள் தடை இருந்த காலத்தில் அவர் சைக்கிளில் வந்துபோனதை இன்றும் சொல்வார்கள். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, றேடியோ கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றிய காலம் அது. பௌதிகவியல் அன்றைக்கு வீட்டு முற்றத்தில்தான் நடந்தது என்று பகிடியாகச் சொல்லலாம், ஆனால் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கு அது பகிடி இல்லை.

அவருக்குப் பிறகு வந்த க. குணரத்தினம்தான் பௌதிகவியல் பேராசிரியராக இருந்து துணைவேந்தரானவர். புவிப்பௌதிகவியலில் ஆய்வு செய்தவர். அவருடைய காலத்தில்தான் 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு நடந்தது. யாழ்ப்பாண நகரை அடக்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வீதியால் தென்மராட்சிக்கு நகர்ந்தது. பல்கலைக்கழகமும் அதனோடு பெயர்ந்தது. மாணவர் எங்கே, விரிவுரையாளர் எங்கே, பதிவேடுகள் எங்கே என்று தேடி, பிறகு மக்கள் திரும்பியதும் எல்லாவற்றையும் மீள ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. 2006இல் நியமனம் பெற்றவர் அச்சுறுத்தலால் பதவியைத் தொடர முடியாமல் போனபோது, பதில் துணைவேந்தராகப் பொறுப்பைச் சுமந்த குமாரவடிவேலும் பௌதிகவியல் பேராசிரியர்தான். அந்த ஆண்டு ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையும் மூடப்பட்டது. இந்த இருவரும் பதவியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள் என்பதுதான் பொருத்தம். இப்படியான நேரத்தில் தெரிவு, ஒப்பீடு என்றெல்லாம் நான் எழுதுவதற்கு அர்த்தமே இல்லை.

போர் முடிந்ததும் சுமை முடிந்துவிடவில்லை. 2019இல் அப்போதைய துணைவேந்தர், கணிதப் பேராசிரியர், பதவிக்காலம் முடியும் முன்பே ஜனாதிபதியால் நீக்கப்பட்டு, அவருடைய பொறுப்பைப் பார்க்கத் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பெயரில் ஒருவர் நியமிக்கப்பட்டார். 2021 ஜனவரி 8 இரவு, வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மேலிடத்து உத்தரவு என்றார் துணைவேந்தர். மாணவர் உண்ணாவிரதம் இருந்தார்கள், கடையடைப்பு நடந்தது. ஜனவரி 11 விடியற்காலையில் அதே துணைவேந்தர் மாணவர்களோடு நின்று மீண்டும் அடிக்கல் நாட்டினார். அவரும் கணிதப் பேராசிரியர்தான். மூன்று நாளில் கொழும்பும் பரமேஸ்வராச் சந்தியும் இரண்டு பக்கம் இழுக்க, நடுவில் ஒரு மனிதர். இங்கே வீசிக்குப் போடுபவர் தன் பெயர் அப்படி ஒரு இரவில் சிக்கினால் வீட்டில் உள்ளவர்கள் தாங்குவார்களா என்பதையும் கேட்டுவிட்டுப் போட வேண்டும். மனைவியிடம் கேட்காமல் விண்ணப்பம் போட்டவர்களை எனக்குத் தெரியும். கதிரை கிடைத்த வருடம் முழுக்க அவர்களுக்கு வீட்டிலும் ஒரு பேரவை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் துணைவேந்தர் பதவியை நல்ல தெரிவு என்கிறேன்? பேனை அவரிடம்தான் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. எந்தக் கட்டடம் முதலில், எந்தத் துறைக்கு ஆளணி, எந்த வெளிநாட்டு ஒப்பந்தம் என்ற வரிசையை மாற்றக்கூடிய ஒரே ஆள் துணைவேந்தர். பௌதிகவியல்காரர்களிடம் உள்ள ஒரு பழக்கம் இங்கே மிகவும் உதவும்: எண்ணின் அளவைப் பார்த்தவுடன் "இது இவ்வளவு வர முடியாதே" என்று சந்தேகிப்பது. கட்டட மதிப்பீட்டில் ஒரு பூச்சியம் கூடியிருப்பதைக் கணக்காய்வாளருக்கு முன்னரே கண்டுபிடித்தவர் ஒரு பௌதிகவியல்காரர்தான், என் கண்முன்னால். அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழு முன்னால் போய் நிற்கும்போதும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

வெளியே போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் உச்ச வருமான வரி 36 வீதமானபோது விரிவுரையாளர்கள் வீதிக்கு வந்ததை எல்லோரும் பார்த்தோம். யாழ்ப்பாணத்தவரான கிறிஸ்டி எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்து, கொழும்பு, மலாயா, பிறகு மெல்பேணின் லா ட்ரோப் என்று போய்ப் பெரிய பணி செய்தார். ஆனால் 35 வயதில் போவது ஒன்று, 55இல் போவது வேறு. 55இல் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, இங்கே விட்டுப்போவது ஓர் ஆய்வுகூடம். சபாட்டிக்கல் என்ற ஆய்வு லீவில் ஒரு வருடம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே புத்தி.

சரி, 50 வயதில், கையில் மூன்று ஆய்வு மாணவரோடு இருப்பவர் துறைத்தலைமையைக் கேட்டு வாங்கட்டும், டீன் தேர்தலில் நிற்கும்படி வருபவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பட்டும். 56, 57இல் இருப்பவர் கடைசி மாணவரின் ஆய்வேட்டை முடிப்பதா, பீடாதிபதியாகிப் பேரவை பழகுவதா என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்று யாரும் சொன்னால் அவர் இரண்டையும் செய்யாதவர். 59இல் பேரவை அனுபவத்தோடு, எழுத வேண்டிய கட்டுரைகளை எழுதி முடித்து, வீட்டாரின் சம்மதத்தோடு இருப்பவர் வீசிக்குப் போடலாம், 62க்குள் ஒரு தவணை முடியும், வேண்டுமானால் வகுப்புக்கும் திரும்பலாம். 63 ஆகிவிட்டதென்றால் ஆய்வுகூடத்தை அடுத்த ஆளிடம் ஒழுங்காகக் கொடுப்பதுதான் இருப்பதில் பெரிய நிர்வாக வேலை.

யார் எதைத் தெரிந்தாலும், விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகையில் வருவதற்கு ஒரு வருடம் முன்பே இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் இரண்டாம் மேற்பார்வையாளர் ஒருவரை எழுத்தில் நியமித்து உயர்பட்டப் பீடத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆய்வுகூட உபகரணங்களின் பொருட்பதிவேட்டைத் தன் பெயரிலிருந்து துறையின் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டாவதைச் செய்யாமல் மேலே போனவர்களைக் கணக்காய்வு ஓய்வுபெற்ற பிறகும் தேடி வரும், பழுதாய்ப்போன ஓர் அலைவுகாட்டி எங்கே என்று கேட்டு.